வயிற்று வலி என்று எழுதியிருந்த வீடு

ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் ஹெல்த் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த புதிதில், காலராவை ஒழிக்கப் பிறந்தவனே நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. கிராமங்களில் மணியக்காரர் எழுதும் ஜனன மரணப் பதிவேட்டைச் சரிபார்ப்பதும் என் வேலை.

பேரிகைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரே வீட்டில் இரண்டு சாவு. இரண்டுக்கும் காரணம் 'வயிற்று வலி'. கிணற்றுத் தண்ணீர்தான் கெட்டிருக்கிறது என்று நொடியில் கண்டுபிடித்துவிட்டேன். இறந்த இருவரும் சின்ன வயதுப் பெண்கள், ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து வாழ்க்கைப்பட்டவர்கள். அதுவும் அதே பக்கத்தில்தான் இருந்தது. மேதாவி நான் காரணத்தை மட்டும் படித்தேன்.

பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு போய் இறங்கினேன். மணியக்காரர் கூட வந்தார். அது தெலுங்கு பேசும் வீடு. மாமியாருக்குத் தமிழ் அரைகுறை. எங்களையே பார்த்தபடி நின்றார். மூன்றாவதாக வந்த மருமகள் தண்ணீர் சேந்திக் கொடுத்தாள்.

"வயித்துல வலி கிலி இருக்குதாம்மா?" என்று அவளைக் கேட்டேன்.

"வயிறு நல்லாத்தாங்க இருக்குது," என்று தமிழில் வேகமாகச் சொன்னாள். சிரித்த முகம் மாறவே இல்லை. "எங்க வீட்டுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்புங்க. சீக்கிரமா வந்து கூட்டிக்கிட்டுப் போவச் சொல்லுங்க."

பிறந்த வீட்டு ஏக்கம் என்று நினைத்தேன். என் தெலுங்கைக் காட்ட இதைவிட நல்ல சமயம் ஏது? அவள் சொன்னதை மாமியாரிடமே சொல்ல வாயைத் திறந்தேன். மணியக்காரர் என் காலை ஓங்கி மிதித்தார்.

தெருவுக்கு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "வயித்து வலின்னு எழுதினதே நான்தானுங்க. அந்த வீட்ல அடி உதை ஓயாது. முந்தி வந்த ரெண்டு பொண்ணுங்களும் தாங்க முடியாம தாங்களே உயிரை விட்டுடுச்சுங்க. நெசத்தை எழுதினா போலீஸ் வரும், வேணாம்னு ஊரே சொல்லிச்சு. இது காவேரிப்பட்டினத்துப் பொண்ணு."

பதிவேட்டில் நான் படிக்காமல் விட்ட கலங்களெல்லாம் அப்போதுதான் மண்டையில் ஏறின.

அன்றே பஸ் ஏறிக் காவேரிப்பட்டினம் போனேன். மறுநாள் அவள் அப்பா இரண்டு மகன்களோடு வந்து மகளை அழைத்துப் போனார். அந்த இரண்டு சாவுகளைப் பற்றிப் போலீசில் எழுதிக் கொடுத்தேன். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை.

சில மாதம் கழித்து ஹெல்த் ஆபீசர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "நீ பவுடர் போட்ட வீட்ல அப்புறம் சாவே இல்லையாமே!"

"பவுடரால இல்ல சார். அந்தப் பொண்ணு அப்பா வீட்டுக்குப் போயிருச்சு."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "அதை எந்தக் கலத்துலய்யா எழுதறது?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை எந்த மரணப் பதிவேட்டைத் திறந்தாலும் முதலில் வயதைப் பார்த்தேன், பிறகு யார் வீடு என்று பார்த்தேன். காரணத்தைக் கடைசியாகத்தான் படித்தேன். படித்ததை உடனே நம்பவும் இல்லை.