சாயக்காரர் சொல்லச் சொன்னது

என் அக்காவின் கல்யாணத்தை நான்தான் தடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருத்தணி பஸ் நிலையத்தில் நின்று, இரண்டே வாக்கியங்களில் அந்தக் காரியத்தை முடித்துவிட்டு, வரும் வழியில் கீரையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஆத்திரத்தில் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு நாட்கள் யோசித்துச் செய்தேன்.

அக்காவின் பெயர் வேதவல்லி. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பெண்கள் பள்ளியில் ஆசிரியை. அப்பா இறந்தபோது அவளுக்கு இருபது வயது. அன்றிலிருந்து குடும்பத்தைத் தாங்கியவள் அவள்தான். என்னைப் படிக்கவைத்து, நகை போட்டு, கல்யாணம் செய்துவைத்தாள். தனக்கென்று எதையும் பார்த்துக்கொள்ளவில்லை.

என்னைக் கட்டியவர் லாரி ஓட்டினார். ஆறு ஆண்டுகள் கழித்துச் சித்தூர்ப் பக்கம் இன்னொருத்தியோடு தங்கிவிட்டார். ஐந்து வயதும் இரண்டு வயதுமாய் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் என் கையிலிருந்த பையை வாங்கினாள். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டாள். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, வேறு எதையும் கேட்கவில்லை.

அந்த வீட்டில்தான் அந்தச் செடிகள் இருந்தன.

ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் குன்னூருக்குச் சுற்றுலா அழைத்துப் போனபோது, அங்கே ஒரு வீட்டு அம்மாள் இரண்டு இலைகளைக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி அக்காவிடம் கொடுத்தாராம். ஆப்பிரிக்கன் வயலட் என்று பெயர். விதை வேண்டாம், வேர் வேண்டாம், காம்போடு ஓர் இலை இருந்தால் போதும், செடியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

குன்னூர் எங்கே, எங்கள் ஊர் எங்கே! சித்திரை மாதத்தில் மலைப்படியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. உடன் வேலை செய்த ஆசிரியைகள் சிரித்தார்கள். முதல் இலை அழுகிப்போனது. இரண்டாவதை அக்கா விடவில்லை. மணலும் மக்கிய இலைத்தூளும் கலந்த சிறிய மண்சட்டியில் நட்டு, அந்தச் சட்டியை ஈரமணல் நிரப்பிய தாம்பாளத்தில் வைத்தாள். வெயில் காலத்தில் சன்னலுக்கு நனைத்த கோணி கட்டினாள். இரண்டு மாதம் கழித்து, நட்ட இலையின் அடியில் எலிக்காது போல் குட்டி இலைகள் எட்டிப்பார்த்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது கிழக்குச் சன்னலில் ஏழு சட்டிகள் இருந்தன. வெல்வெட்டைத் தொடுவது போன்ற இலைகள். அவற்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பட்டால் புள்ளி விழும். தண்ணீரைத் தட்டில்தான் ஊற்றவேண்டும். சட்டி அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். காலை வெளிச்சம் வேண்டும், ஆனால் நேர்வெயில் ஆகாது. என் பெண்கள்கூட இந்தச் சட்டங்களை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். நடுவில் மஞ்சள் பொட்டு வைத்த ஊதாப்பூக்கள். தை மாத வெளிச்சத்தில் இதழின்மேல் பொடிப்பொடியாய் ஏதோ மின்னும்.

அந்த ஊதாவைத் தேடித்தான் அவர் வந்தார்.

முனிரத்தினம். அம்மையார்குப்பத்தில் நெசவாளர்களுக்கு நூலுக்குச் சாயம் போட்டுக்கொடுப்பவர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அக்காவிடம் படித்த ஒரு பெண் அவருடைய தெரு. டீச்சர் வீட்டுச் சன்னலில் இப்படியொரு நிறம் இருக்கிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். சேலைக்கரைக்கு அந்த நிறம் எடுக்கமுடியுமா என்று பார்க்க, கையில் நாலைந்து நூல்சிட்டங்களோடு பஸ் ஏறி வந்துவிட்டார். மணிக்கட்டு வரைக்கும் நீலம் ஏறிய கைகள். அந்தக் கைகளால் செடியைத் தொடாமல், பூவுக்குப் பக்கத்தில் நூலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை.

அடுத்த ஞாயிறு வேறு சிட்டங்களோடு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். சிவப்பு கூடிவிட்டது என்பாள் அக்கா. நீலம் கூடிவிட்டது என்பார் அவர். இருவரும் ஆளுக்கொரு பக்கம் சன்னலோரம் நின்று வாதாடுவார்கள். நான் காப்பி போட்டுக் கொடுப்பேன். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முப்பத்தெட்டு வயதில், பள்ளிக்கூடச் சிரிப்பு இல்லாத வேறொரு சிரிப்பு...

அக்கா யாருக்கும் இலை கொடுக்கமாட்டாள். தலைமையாசிரியை கேட்டும் கொடுக்கவில்லை. அவருக்குக் கொடுத்தாள். காம்பைச் சாய்வாக அறுத்து, சாம்பல் தொட்டு, எப்படி நடவேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். அதற்கப்புறம் நிறத்தைப் பற்றிய பேச்சு குறைந்து இலையைப் பற்றிய பேச்சு கூடியது. ஒரு ஞாயிறு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "வேர் வுட்டிகிச்சிங்க டீச்சர்." அக்காவின் முகம் சிவந்தது.

நான் பார்த்தேன். பார்த்த அன்றே பயந்தேன்.

ஜாதி தடையில்லை, அவரும் எங்களைப் போல நெசவுக்காரக் குடும்பம்தான். குணத்தில் ஒரு குறையும் சொல்லமுடியாது. என் பயம் வேறு. அக்கா போய்விட்டால் நான் எங்கே போவேன்? என் பெண்கள்? இதை அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை... ஏன்? கேட்டால் அவளுக்கு வாழ்க்கை வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அவள் எனக்கானவளாகவே இருக்கவேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் உண்மை.

பரீட்சைத்தாள் திருத்த அக்கா பத்து நாள் சென்னைக்குப் போயிருந்தாள். அவள் போன முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். வெள்ளைச் சட்டை புதிதாய்ச் சலவை செய்தது. கையில் ஒரு சட்டி. அதில் அவர் வளர்த்த செடி, மூன்று குட்டிகளோடு. அக்கா இல்லை என்று தெரிந்தே வந்திருந்தார். என்னிடம்தான் பேசவேண்டும் என்றார்.

பேசினார். அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ளப் பிரியப்படுவதாகச் சொன்னார். ஏன் என்றும் சொன்னார். நடுவில், தரையில் விளையாடிக்கொண்டிருந்த என் பெண்களைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குக் காது அடைத்துப்போயிருந்தது. நேரில் கேட்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும். நான் கேட்டுச் சொல்லவேண்டும். அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு பஸ் நிலையத்தில் காத்திருப்பதாகச் சொன்னார். அக்காவுக்கு இஷ்டமில்லை என்றால் அதற்குமேல் அந்தத் தெருவில் கால்வைக்கமாட்டேன் என்றார்.

சட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா புதன்கிழமை வந்தாள். சட்டியைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கவில்லை. "அவரு வந்தாரா?" என்றாள். வந்தார், வியாபாரத்தைக் காஞ்சிபுரத்துக்கு மாற்றிக்கொண்டு போகிறாராம், செடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் என்றேன். அது முதல் பொய். என் குரல் நடுங்கவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை, கீரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். ஆர்.கே.பேட்டை பஸ் நிற்கிற இடத்தில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"அக்காவுக்கு இஷ்டமில்லீங்க. நீங்க வூட்டுக்கு வர்றதுகூட வாணான்னுட்டாங்க."

"அவங்களே சொன்னாங்களா?"

"ஆங்... அவங்களேதான்."

அவர் தலையாட்டினார். சிறிதுநேரம் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தப்பா நெனச்சிக்க வாணாம்னு சொல்லுங்க" என்றார். பஸ் ஏறிவிட்டார்.

அதையும் நான் அக்காவிடம் சொல்லவில்லை.

அவள் மூன்று நான்கு ஞாயிறு காத்திருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் நோட்டுப்புத்தகத்தை மூடிவைப்பாள். ஆடிக்கிருத்திகைக்குக் காவடிக்கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போனபோது, சன்னலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருநாள், அம்மையார்குப்பம் வரை போய், தன்னிடம் படித்த அந்தப் பெண்ணின் வீட்டில் விசாரித்துவிட்டு வரட்டுமா என்று என்னிடமே கேட்டாள். என்னிடமே!

அவருக்கு மறுமணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றேன். மூன்றாவது பொய். அதற்குமேல் தேவைப்படவில்லை.

என் பெண்கள் படித்தார்கள். அக்காதான் படிக்கவைத்தாள். இருவருக்கும் நல்ல இடத்தில் கல்யாணம் செய்துவைத்தாள். தாய்மாமன் செய்யவேண்டியதையெல்லாம் இவளே செய்தாள். நான் என்னைத் தேற்றிக்கொள்ள எத்தனையோ காரணங்கள் வைத்திருந்தேன். இந்தப் பெண்கள் இப்படி ஆனதற்காகத்தானே... அந்த மனிதர் பிற்பாடு எப்படி நடந்திருப்பாரோ... அக்கா ஒரு குறையுமில்லாமல்தானே இருக்கிறாள்... ஒவ்வொன்றும் சில மாதம் தாங்கும். பிறகு சாயம் வெளுத்துவிடும்.

அக்கா ஓய்வுபெற்ற மறு ஆண்டு, அம்மையார்குப்பத்திலிருந்து சேலை விற்கும் ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். அக்கா கடைவீதிக்குப் போயிருந்தாள். பேச்சுவாக்கில் சாயக்கார முனிரத்தினத்தைத் தெரியுமா என்று கேட்டேன். "அவரா... போன ஐப்பசியில செத்துப்பூட்டாரே. கடைசி வரைக்கும் ஒண்டியாத்தான் கெடந்தாரு" என்றாள். ஊரைவிட்டு அவர் எங்கும் போகவில்லை. முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில், எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ் போய்வந்துகொண்டிருந்தது, அத்தனை வருடமும்.

அன்றைக்கே தீர்மானித்தேன். சொல்லிவிடவேண்டும். இனிச் சொல்லி யாருக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அந்த மனிதர் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று அக்கா இத்தனை காலம் நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையோடு அவள் சாகக்கூடாது. என்னை வீட்டைவிட்டுப் போகச்சொன்னாலும் சரி, என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டேன் என்றாலும் சரி.

மறுநாள் காலை அவள் சன்னலருகே உட்கார்ந்து பழுத்த அடியிலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தேன். மூன்று பொய்களையும் வரிசையாகச் சொன்னேன். பஸ் ஏறுமுன் அவர் சொல்லச் சொன்னதையும், அவர் இறந்ததையும் சொன்னேன். அழவில்லை. அழுதால் அவள் என்னைத் தேற்றவந்துவிடுவாள் என்று பற்களைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கிள்ளிய இலைகளை மடியில் அடுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, பாடம் கேட்கிற குரலில் கேட்டாள்:

"என்னைப் பத்தி அவரு இன்னா சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

நான் வாயைத் திறந்தேன்.

வரவில்லை.

வெள்ளைச்சட்டை நினைவிருக்கிறது. சட்டியைப் பிடித்திருந்த நீலவிரல்கள் நினைவிருக்கின்றன. பெரியவள் அவருடைய வேட்டி முனையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "அதில்ல. பேச்சு. அவரு பேசினது" என்றாள்.

ஏன் அவளைக் கட்டிக்கொள்ள விரும்பினார் என்று அவர் சொன்னார். சொன்னதை நான் அறிவேன். என்ன சொன்னார்? ஒருத்தியின் வாழ்நாளில் அவளைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னது ஒரேமுறை. அதைக் கேட்ட காது என்னுடையது ஒன்றுதான். அந்த நேரத்தில் நான் என் கதி என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெண்களைப் பார்த்து அவர் சொன்னது என்ன? நீங்களும் எங்களோடு வந்துவிடுங்கள் என்றாரா? அப்படிச் சொல்லியிருந்தால்... அதை நினைக்கவே என்னால் முடியவில்லை.

"நல்லா நெனச்சிப் பாரு" என்றாள் அக்கா. எழுந்து போய் உலை வைத்தாள். எனக்கும் சேர்த்துத்தான் வைத்தாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை; அவளுக்கு வேறு விதமாகச் சமைக்கத் தெரியாது, அவ்வளவே.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் தினமும் காலையில் சன்னலருகே உட்காரும்போது, ஒருதரம் என் முகத்தைப் பார்க்கிறாள்.

நல்லதாய் நாலு வார்த்தை நானே இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாம். நம்பிவிடுவாள். வாய்வரைக்கும் வந்திருக்கிறது, பலமுறை. சொல்லமாட்டேன். இவளிடம் நான் சொன்ன பொய்கள் போதும். நான் உயிரோடிருக்கும்வரை தினமும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பிப்போய், அந்த மனிதரின் எதிரில் நின்று, காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன்.

இன்று காலையும் போனேன். அவர் வாய் அசைகிறது.