தொண்ணூற்றாறாம் பக்கத்தில் செத்த பூனை

இரண்டாயிரத்து எட்டில், நான் சிதம்பரத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வாசகர் வட்டம் ஒரு பூனைக்காக அழுதது. வட்டம் என்றால் பன்னிரண்டு பேர். மேலவீதியில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில் ஞாயிறுதோறும் கூடுவோம். புத்தகம் ஒரே பிரதிதான் வாங்குவார்கள். அது கைமாறிக் கைமாறி எல்லார் வீட்டுக்கும் போய் வரும். பிறகு தலைவர் கருத்துச் சொல்வார். மற்றவர்கள் அதையே வேறு வேறு குரலில் சொல்வார்கள். தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர்.

அந்த முறை வந்தது, மலையூர் ஒன்றில் தனியாக வாழும் பெண்மணி தன் பூனையைப் பற்றி எழுதிய புத்தகம். தொண்ணூற்றாறாம் பக்கத்தில் பூனை மதில்மேல் ஏறுகிறது. அடுத்த பக்கத்தில் அந்த அம்மாள் காலித் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறார். பூனை இல்லை. ஏன் இல்லை என்று ஒரு வரிகூட இல்லை. மீதிப் புத்தகம் முழுக்கப் போன பூனையை நினைத்து உருகுகிறார்.

"சாவைச் சொல்லாமலே விட்டாங்க பாருங்க, அதாங்க எழுத்து" என்றார் தலைவர். வங்கிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களில் பூனை வளர்க்கும் ஒரே ஆளான டீச்சரம்மா, "மூணு நாளா எங்க வீட்டுப் பூனை மூஞ்சியைப் பாக்கவே முடியல சார்" என்றார். மருந்துக்கடைக்காரர், இனிமேல் எந்தப் பூனைமீதும் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று எழுந்து நின்று அறிவித்தார்.

நானும் சளைத்தவள் அல்ல. 'சொல்லப்படாத சாவு' என்று நான்கு பக்கம் எழுதினேன். வட்டத்தின் ஆண்டு மலரில் போடுவதாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் பெயர் அச்சில் வரப்போகிறது. கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் அப்பா, கூட வேலை செய்பவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

கட்டுரையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். அம்மா திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏண்டி, அடுத்த வூட்ல அன்னிக்கு என்னா கொழம்பு?"

"அம்மா, இது இலக்கியம்."

"இருக்கட்டும்டி. செவுத்து மேல ஏறுன பூனை அந்தாண்ட வூட்டுக்குத்தான போவும்? சாவறதுக்கா ஏறும்?"

பதில் இல்லாதபோது வைத்துக்கொள்வதற்கென்று படித்தவர்களிடம் ஒரு முகம் உண்டு. அதை அதற்குள் கற்றிருந்தேன்.

அடுத்த வாரம் ஒரு மேற்கோளைச் சரிபார்க்க, கடலூர் நூலகத்தில் அதே புத்தகத்தை எடுத்தேன். கொஞ்சம் தடிமனாக இருந்தது. தொண்ணூற்றாறுக்குப் பிறகு தொண்ணூற்றேழு வந்தது. எங்கள் பிரதியில் நூற்றுப் பதின்மூன்று வந்திருக்க வேண்டும். பைண்டிங்கில் பதினாறு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. பன்னிரண்டு பேரில் ஒருவரும் எண்ணைப் பார்க்கவில்லை, நான் உட்பட. அந்தப் பதினாறு பக்கமும் பூனை அடுத்த வீட்டில் உட்கார்ந்து மத்தி மீன் தின்கிறது. வளர்த்தவர் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வீட்டாரைத் திட்டுகிறார். தட்டைக் கழுவியது கோபத்தில். நூலகப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் யாரோ பென்சிலால் தங்கள் கருத்தை எழுதியிருந்தார்கள்: "நன்றி கெட்ட பூனை." எங்கள் வட்டத்தைவிட அவர் நன்றாகப் படித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய் அந்தப் பக்கங்களை உரக்க வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இதை அவுங்க வெட்டியிருக்கணும்" என்றார் தலைவர்.

"கரெக்ட் சார். நம்ம காப்பிதான் சரியான காப்பி" என்றார் வங்கிக்காரர்.

"அப்போ நான் அழுதது?" என்றார் டீச்சரம்மா.

"அது வீணாப் போவாதும்மா" என்றார் தலைவர்.

நான் கட்டுரையைத் திருப்பிக் கேட்டேன்.

"ஏம்மா? உன் பேரைப் பெரிய எழுத்துல போடச் சொல்லியிருக்கேனே" என்றார் தலைவர்.

"பூனை சாவலையே சார்."

"யாரும்மா பாக்கப் போறாங்க?"

ஒருத்தி இருக்கிறாள். படிக்கத் தெரியாது, ஆனால் வாசித்துக் காட்டினால் கேள்வி கேட்பாள். நான்கு பக்கத்தையும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டனேம்மா" என்றார் அப்பா. அதற்குப் பதில் அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மலர் வெளிவந்தது. என் இடத்தில் தலைவரின் கட்டுரை, தலைப்பு என்னுடையது. பூனை அதிலும் செத்தே கிடந்தது. அப்பா வாசிக்கச் சொன்னார். முழுவதும் வாசித்தேன். அம்மா செதிள் சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"பாவம்டி. இந்த ஆளு வூட்ல மீனே வாங்க மாட்டாங்களா?"