தௌலா குவானில் நின்ற புள்ளி

எங்கள் துவாரகா அடுக்குமாடி சொசைட்டியின் செயலாளரை நான் ஒரு மனிதராகவே மதித்ததில்லை. மொட்டை மாடியில் நான் ஆன்டெனா நட்ட நாளிலிருந்து அந்த ஆள் என் உயிரை வாங்கினார். அதன் கதிர்வீச்சில் குழந்தைகளுக்கு கான்சர் வருமாம். அது எதையும் அனுப்பாது, கேட்க மட்டும்தான் செய்யும் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் பத்துத் தடவை சொல்லியாயிற்று. "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு மறுநாளே வாட்ச்மேன் கையில் இன்னொரு நோட்டீஸ் அனுப்புவார்.

எனக்கும் என் கணவருக்கும், பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் உண்டு. கல்யாணமான புதிதில் ஒன்றாகப் படித்துப் பரீட்சை எழுதினோம். மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு அவர் கார் ஓட்டக் கூடாது என்று நான் கத்திப் பார்த்தேன். கேட்டால்தானே! "சரி, ஓட்டுங்க. ஆனா எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றேன். டிக்கியில் ஒரு சின்ன ரேடியோவும் ஜி.பி.எஸ்ஸும் வைத்தேன். வண்டி இருக்கும் இடத்தை அது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும். மாடி ஆன்டெனா அதைப் பிடித்து, கம்ப்யூட்டர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகக் காட்டும். ஆர்.கே. புரத்து ஆபீசிலிருந்து அந்தப் புள்ளி வீடு வந்து சேர்ந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஒரு சாயங்காலம் புள்ளி பாதி வழியில், தௌலா குவானில் நின்றுவிட்டது. இருபது நிமிடமாகியும் நகரவில்லை. அவர் போனையும் எடுக்கவில்லை. புள்ளி என்பது ஆன்டெனாவின் காதில் கடைசியாக விழுந்த இடம், வண்டி இப்போது இருக்கும் இடமல்ல என்று ஹாமுக்குப் புதிதாக வந்த எத்தனை பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்! பக்கத்திலேயே நேரமும் போட்டிருக்கும். அன்று அதைக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டோவில் ஏறி, "ஜல்தி, பையா, ஜல்தி!" என்று விரட்டினேன். தௌலா குவானில் பஸ்ஸும் புகையும்தான் இருந்தன. போலீஸ்காரரிடம் கேட்டேன். விபத்து எதுவும் இல்லை என்றார்.

திரும்பி வந்தால் கார் அதன் இடத்தில் நிற்கிறது. செயலாளர் சொல்லி, சாயங்காலம் மாடி ஆன்டெனாவின் கேபிளை வெட்டியாயிற்று என்று வாட்ச்மேன் சொன்னான். நேரே செயலாளர் வீட்டுக்குப் போய் வாயில் வந்ததையெல்லாம் இரண்டு பாஷையிலும் கொட்டினேன். அந்த மனிதர் "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார்.

வீட்டில் இவர் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவரைத் திட்டாதே. காலையில நான்தான் வெட்டச் சொன்னேன்."

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? செத்துப் பிழைச்சு வரேன் நான்!"

"டீ குடிக்க நிறுத்தினா போன். பெட்ரோல் போட்டா போன். உயிரோட இருக்கேனான்னு நீ கேட்கறப்பல்லாம், செத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். வாசலில் கழற்றிய செருப்பு கையிலேயே இருக்க, அப்படியே நின்றேன்.