இன்னும் இரண்டு இடியப்பம்

கப்பலில் வரும் சொந்தக்காரரை எதிர்பார்த்திருக்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு, கனடாவிலிருந்து அக்கா அத்தானோடு உல்லாசக் கப்பலில், நான் இருக்கும் இத்தாலியின் பலெர்மோ துறைமுகத்துக்கு வந்தார். பக்கவாதத்தால் கையும் பேச்சும் விழுந்த அத்தான், களைப்பில் கப்பல் அறையிலேயே படுத்துவிட்டார். அக்காவை ஒரேத்தோ பகுதியிலுள்ள என் வீட்டுக்கு அழைத்துவந்து நண்டுக்கறி வைத்தேன்.

"நாலரைக்குள்ளை ஏற வேணும்" என்று அக்கா எழும்பினார்.

"ஐஞ்சுக்குத்தானே கப்பல் வெளிக்கிடுது? இன்னும் ரெண்டு இடியப்பம் சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று கையைப் பிடித்து இருத்தினேன்.

நாலேமுக்காலுக்குத் துறைமுகம் போனோம். கப்பல் கண்முன்னே நின்றது. ஏறும் படியை எடுத்துவிட்டார்கள். காவலாளி கையை விரித்தார்.

"ஐயோ, அவருக்கு ஆரடி சாப்பாடு தீத்துறது?" என்று அக்கா தரையில் குந்திவிட்டார்.

மறுநாள் அடுத்த துறைமுகமான நாப்போலியில் கப்பலைப் பிடித்தோம். அந்நியர் எவரையும் கிட்ட விடாமல், இடுப்புச் சாரம் சிறுநீரில் நனைந்தபடி அத்தான் பட்டினி கிடந்திருந்தார். ஊட்டப்போன அக்காவின் கையையும் தட்டிவிட்டார்.

இப்போதெல்லாம் கப்பல் புறப்படும் நேரத்தை நான் கேட்பதில்லை. படி எடுக்கும் நேரத்தைத்தான் கேட்கிறேன். சோற்றுப் பார்சலோடு துறைமுக வாசலிலேயே நிற்கிறேன். வந்தவர் போதும் என்றால், மறுபடி வற்புறுத்துவதில்லை.