வெளுத்துப்போன உள்ளான்

போன மாசி மாதம் அது. மதுரைக்குப் பக்கத்தில் பரவை ஊரைத் தாண்டிய ஒரு கண்மாயில், வற்றிக் கிடந்த தண்ணீரின் ஓரம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாகக் குப்புறப் படுத்துக் கிடந்தேன். சட்டை முழுக்கச் சேறு, காதைச் சுற்றிக் கொசு.

எனக்குப் பழங்காநத்தத்தில் சின்ன ஸ்டூடியோ. பதினெட்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். பறவைப் பைத்தியம் பிடித்தது இப்போதுதான். மதுரையில் நடக்கவிருந்த பறவைப் படக் கண்காட்சியில் எனக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். தெரு முழுக்கச் சொல்லித் தொலைத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் சாயங்காலத்துக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும்.

படத்துக்கென்று நான் பிடித்துக்கொண்டது நெடுங்கால் உள்ளான் என்ற நீர்ப்பறவையை. கறுப்பு இறக்கை, வெள்ளை உடம்பு, குச்சி குச்சியாகச் சிவந்த கால். பார்க்க அம்சமாக இருக்கும். படத்தில் பார்த்தால்தான் வயிறு எரியும். வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியது போல உடம்பு, அதில் ஓர் இறகுகூடத் தெரியாது. முதல் வாரம் வெயிலைத் திட்டினேன். இரண்டாம் வாரம் லென்ஸைத் திட்டினேன். மூன்றாம் வாரம் திட்டுவதற்கு அந்தப் பறவைதான் மிச்சம்.

கருவேல மர நிழலில் உட்கார்ந்து, எடுத்ததை எல்லாம் எரிச்சலோடு தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு ஓட்டி வந்த ஒரு பெண், என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு நின்றது. அதன் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது நான்தானாம். நாலு வருடம் ஆகிறது. எனக்கு ஞாபகமில்லை. எட்டிக் கேமராத் திரையைப் பார்த்தது.

"என்னண்ணே, இதையும் எங்களை மாதிரியே வெளுத்துட்டீக?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அது சிரிக்கவில்லை. போன வருடம் அதன் அப்பா இறந்துவிட்டாராம். போட்டோ என்றாலே ஓடிவிடுகிற மனுஷன், மகள் கல்யாணத்தில் மட்டும்தான் நின்றிருக்கிறார். ஆதார் அட்டைப் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் என் ஆல்பத்தில் இருந்துதான் அவர் முகத்தை வெட்டிப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள்.

"மாலை போட்டு வச்சிருக்கோம். ஆனா அது எங்கப்பா நிறம் இல்லண்ணே. நெத்தியில இம்புட்டு நீளத்துக்குத் தழும்பு இருக்கும், அதையும் காணோம். எங்கம்மா அந்தப் பக்கமே திரும்ப மாட்டேங்குது."

எங்கள் தொழிலில் எல்லாரும் கலராக இருக்க வேண்டும். பொண்ணு, மாப்பிள்ளை, மொய் எழுதுகிறவர் வரை. அதற்காகவே கேமராவில் வெளிச்சத்தை ஒரு படி ஏற்றி வைத்திருப்பேன். போதாததற்குக் கம்ப்யூட்டரிலும் ஒரு பூச்சு. அந்தப் பெண் போனதும் கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஒரு படி அப்படியே ஏறிக் கிடந்தது. ஏற்றியது ஏற்றியபடி எத்தனை வருடமாக இருக்கிறதோ, எனக்கே மறந்துபோய்விட்டது. மூன்று வாரம் வெயிலையும் லென்ஸையும் திட்டிய வாயால் என்னைத் திட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகாவது உள்ளானை ஒழுங்காக எடுத்திருக்கலாம். வெயில் இறங்க இன்னும் நேரமிருந்தது. மனசு ஒப்பவில்லை. நேராக ஸ்டூடியோவுக்கு வந்து, அந்தப் பெண்ணின் கல்யாணப் படங்கள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன்.

அதன் அப்பா இருந்த பதினோரு படங்களிலும் நெற்றி வெறும் வெள்ளை. வெளிச்சத்தை எவ்வளவு குறைத்தாலும் சாம்பல்தான் பூசியது. வெளுத்துப்போன இடத்தில் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது. பறவை இறகுக்கும் அதே கதிதான். மறுநாள் மதியம் வரை மாற்றி மாற்றிப் பார்த்து வெறுத்துப்போய், அழிக்காமல் விட்டிருந்த குப்பைப் படங்களைத் திறந்தேன். ஃப்ளாஷ் அடிக்காத ஒரு படம் கிடந்தது. ஒரே இருட்டு. மெல்ல மெல்ல வெளிச்சத்தை ஏற்றினேன். பந்தி வாசலில், சாம்பார் வாளியோடு, யாரையோ பார்த்துச் சிரித்தபடி ஒருவர் நின்றார். நல்ல கறுப்பு. நெற்றியில் புருவம் வரை இறங்கிய தழும்பு.

அன்று சாயங்காலம் கண்காட்சிக்குப் படம் கொடுக்க வேண்டிய நேரத்தில், பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு பரவைக்குப் போய் அவர்கள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அந்தப் பெண்ணின் அம்மா படத்தை வாங்கினார். தழும்பின் மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துவிட்டேன்.

கண்காட்சி என் படம் இல்லாமலே நடந்தது. தெருவில் இன்னும் கேட்டு மானத்தை வாங்குகிறார்கள். உள்ளானை அப்புறம் ஒருநாள் இறகு இறகாக எடுத்துவிட்டேன், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கல்யாண வீடுகளில் "கொஞ்சம் கலரா வரட்டும்" என்று இப்போதும் சொல்கிறார்கள். முடியாது என்று சண்டை போட்டு இரண்டு வேலையை இழந்தும் விட்டேன். ஆனாலும் பதினெட்டு வருடத்தில் எந்தெந்த வீட்டுச் சுவரில் யாருடைய தழும்பை அழித்து மாலைக்குக் கொடுத்திருக்கிறேனோ, அதை நினைத்து இன்றைக்கும் ராத்திரியில் பழைய குப்பைப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.