தம்பி கழுத்தில் கிடந்த மாலை

நான்கு வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பழனி மலையடிவாரச் சாலையில் நடந்தது இது. எங்களுக்கு ஊர் கொடைக்கானல் பக்கம் பள்ளங்கி. பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம்.

என் தம்பி லாரியில் காய்கறி மூட்டை ஏற்றுபவன். இடுப்பு பிடித்துக்கொண்டபோது டாக்டர் பத்து நாளைக்கு, கொஞ்சம் போதையும் தருகிற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்து நாள் இரண்டு வருடமானது. கடையில் சீட்டே கேட்காமல் கொடுத்தார்கள். கூட மூட்டை தூக்கிய பலரும் அதைத்தான் போட்டார்கள். ஆனால் இவன் அது இல்லாமல் எழுந்திருக்கவே முடியாதவன் ஆகிவிட்டான்.

எங்கள் பக்கம் குடியை நிறுத்த மாலை போட்டுப் பழனிக்கு நடத்திக் கூட்டிப் போவார்கள். மாத்திரைக்கும் அது போதும் என்று நானும் நம்பினேன். மாலை போட்ட அன்று வீட்டிலிருந்த மாத்திரை அத்தனையையும் அடுப்பில் போட்டேன். தம்பி தடுக்கவில்லை. இனி வேண்டாம்க்கா என்று அவனே சொன்னான். மறுநாள் ஊர்க்காரர்களோடு மலையிறங்கினோம்.

அடுத்த நாள் அடிவாரம் வந்தபோது அவனுக்கு மூக்கு ஒழுகியது. வெயிலில் வெடவெடவென்று நடுங்கினான். வாந்தி எடுத்து, காலைச் சுருட்டிக்கொண்டு ரோட்டோரம் படுத்துவிட்டான்.

"மாலையோட மாத்திரை போட்டிருக்கான்யா. ஏலே, முருகனையே ஏமாத்துறியா?" என்று ஒருவர் அவனைக் காலால் தட்டினார். எங்கள் கூட்டத்தை நடத்தி வந்த குருசாமி குனிந்து அவன் கழுத்து மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இவனால எல்லார் விரதமும் கெடும். நீ பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போயிரும்மா."

இரண்டு நாளும் அவன் என் கண் பார்வையில்தான் இருந்தான். ஒன்றுமே போடவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். அரோகரா சொல்லிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

மரத்தடியில் கொய்யா விற்றுக்கொண்டிருந்த பக்கத்து ஆயக்குடியைச் சேர்ந்த அம்மா ஒருவர் கூடையை விட்டுவிட்டு வந்தார். அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, எப்போது நிறுத்தினான் என்று கேட்டார். முந்தாநாள் என்றேன்.

"படக்குன்னு நிப்பாட்டுனா இப்படித்தேன் ஆகும் தாயி. எங்க வீட்லயும் ஒன்னு இப்படிக் கெடந்துச்சு. நாங்க அறையில போட்டுப் பூட்டுனோம். அது பொழைக்கல."

அவரே ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வரை கூட வந்தார்.

இந்த மாத்திரையை டாக்டர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதற்கு மருந்து இருக்கிறது, தனிப் பிரிவும் இருக்கிறது என்று அங்கேதான் முதன்முதலில் கேட்டேன். எழுதிக் கொடுத்தவரும் சொல்லவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. அவர்களை இன்று வரை ஊரில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பழக்கியவர்களை விட்டுவிட்டு, நிறுத்தியவன் கழுத்தில்தான் கை வைத்தார்கள்.

தம்பி தேற எட்டு மாதம் ஆனது. நடுவில் ஒருமுறை சறுக்கினான், மறுபடியும் கூட்டிப் போனேன். இப்போது வேலைக்குப் போகிறான்.

போன வருடம், அன்று எங்களை விட்டுவிட்டுப் போனவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுப் பின்பக்கமாக வந்து, தன் மகனை எந்த ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று மெதுவான குரலில் கேட்டார். விவரமெல்லாம் சொன்னேன். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஊரறிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நாம், இந்த ஒரு நோய்க்கு மட்டும் ஏன் பின்பக்கமாக வர வேண்டியிருக்கிறது என்கிற கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.