கண்மணி பார்க்கக் கேட்ட மலை

தாரணி சிங்கப்பூரில் செம்பவாங் பகுதியில் பிறந்தவள். அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். பாலிடெக்னிக் முடித்த கையோடு கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு மேற்பார்வை வேலைக்குப் போனாள். முதலில் அடுக்குமாடி வீடுகள், பிறகு எம்ஆர்டி ரயில் சுரங்கம் என்று ஓடியது. அதற்கப்புறம் ஊரின் பசி வேறு பக்கம் திரும்பியது. ஒருபுறம் பனி கொட்டும் மண்டபம், இன்னொருபுறம் சுறாமீன்கள் தலைக்குமேல் நீந்தும் கண்ணாடிக் குகை, அது முடிவதற்குள் செயற்கை அலைக்குளம். பக்கத்து நாட்டுக்காரர்களும் கட்டுகிறார்கள், நாம் பின்தங்கிவிடக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள். தாரணி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். பார்க்க வருகிறவர்களுக்கு அவை காடும் கடலுமாகத் தெரிந்தன. அவளுக்கு உயரமும் ஈரமும் மின்சாரமும்தான் கண்ணில் பட்டன.

வேலையாட்கள் அவளை ‘சேப்டி அக்கா’ என்பார்கள். பாதிப்பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவள் கோபப்பட்டால் தமிழில் கோபப்படுவாள் என்பதால் அவர்களுக்கு அவளிடம் பயமும் இருந்தது, உரிமையும் இருந்தது.

மேற்குக் கரையோரம், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் ஒரு படகுச் சவாரி கட்டினார்கள். பத்து மாடி உயரத்துக்கு ஒரு மலை, அதன் வயிற்றுக்குள் ஓர் ஆறு, அருவியாக விழுந்து முடியும் பாதை. முதலில் இரும்புச் சட்டம். அதன்மேல் கம்பி வலை. வலையின்மேல் சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சி, அது இறுகுவதற்குள் கரண்டியாலும் கத்தியாலும் செதுக்கிப் பாறையாக்க வேண்டும். அந்தச் செதுக்கும் கூட்டத்தில் இருந்தவன் இளமாறன். பட்டுக்கோட்டைப் பக்கம். ஊரில் வீடு கட்டும் கொத்தனாராக இருந்தவன், இங்கே வந்துதான் பாறை செய்யப் பழகினான். கைப்பேசியில் எங்கெங்கோ இருக்கிற மலைகளின் படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

“ஏன்க்கா, இந்த ஊர்ல மலையே கெடையாதா?” என்று ஒருநாள் கேட்டான்.

“புக்கிட் தீமா இருக்கே.”

“போயிப் பாத்தேன். அது மேடுக்கா.” சிரித்தான். “எங்க ஊர்லயும் மலை இல்ல. எங்க பாத்தாலும் வயக்காடுதான். மலையைக் கண்ணால பாக்காதவன்தான் இங்க மலை கட்டிக்கிட்டு நிக்கிறேன்.”

அவனுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். ‘அப்பா மலை கட்டுறேன்’ என்று அவர்களுக்கு அடிக்கடி படம் அனுப்புவான். படத்தில் சாரமும் வலையும்தான் தெரியும். இருந்தாலும் அனுப்புவான்.

பள்ளி விடுமுறைக்குள் திறந்துவிட வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. வேலை முடுக்கப்பட்டது. ஒருநாள் மதியம் மழை அடித்து ஓய்ந்திருந்தது. மழைக்குப் பிறகு தாரணி சாரத்தைப் பார்த்து ‘சரி’ சொன்ன பின்புதான் ஆள் ஏற வேண்டும். அவள் தளத்தின் மறுகோடியில் கிரேன் தூக்கும் இடத்தில் நின்றிருந்தாள். மழைக்கு முன்பே வலையில் அடித்திருந்த கலவை இறுகத் தொடங்கியது. விட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அவள் வரும்வரை பொறுக்காமல் கண்காணி இளமாறனை மேலே அனுப்பினான். ஒரு பாதுகாப்புக் கயிற்றிலிருந்து அடுத்ததற்கு மாற இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றிய நேரத்தில், ஈரப் பலகையில் கால் வழுக்கியது. கீழே ஆறு ஓட வேண்டிய வாய்க்கால். அதில் அப்போது தண்ணீர் இல்லை.

கூச்சல் கேட்டுத் தாரணி ஓடினாள். அவன் பக்கத்தில் மண்டியிட்டு, தலை அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவன் கண்கள் திறந்திருந்தன. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

ஊருக்குச் சொல்ல வேண்டும். தமிழ் பேசத் தெரிந்த அதிகாரி அவள் ஒருத்திதான். தளத்திலிருந்த கொள்கலன் பெட்டி அலுவலகத்தில் எல்லோரும் வெளியே போய் அவளுக்கு இடம் விட்டார்கள். மறுமுனையில் எடுத்தவள் இளமாறனின் மனைவி கண்மணி. “சொல்லுங்க, யாரு?” என்று கேட்ட அந்தக் குரலில் அவசரமும் அடுப்படிச் சத்தமும் இருந்தன. தாரணி தன் பெயரைச் சொல்லி, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே கண்மணிக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு அவள் போட்ட சத்தம் தாரணியின் காதில் பல மாதங்கள் இருந்தது.

விசாரணை நடந்தது. சோதிக்காத சாரத்தில் ஆளை ஏற்றியதற்காகச் செதுக்கு வேலை எடுத்த ஒப்பந்தக்காரர்மீது நடவடிக்கை எடுத்தார்கள். தாரணியின்மேல் பிழையில்லை என்று முடிவானது. வேலை சில வாரங்கள் நின்று, மறுபடி தொடங்கி, ஒருவழியாகச் சவாரி திறந்தது. ஊரே போய் வந்தது. தாரணியின் மகள் இனியா பள்ளித் தோழிகளோடு போய்விட்டு, “மா, that last drop semma! நீங்க இன்னும் போகவே இல்லையா?” என்றாள். தாரணி ‘போகலாம்’ என்றாள். போகவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவளுடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. ‘அக்கா, நான் கண்மணி. இளமாறன் வீட்டுக்காரி. சிங்கப்பூர் வந்துட்டேன். புக்கிட் பாத்தோக்குல ஒரு பாட்டியம்மாவைப் பாத்துக்குற வேலை. ஞாயித்துக்கெழமை லீவு. உங்களைப் பாக்கணும்.’

தேக்கா அங்காடியின் உணவுக்கடைப் பகுதியில் சந்தித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மேசை கிடைக்கவே நேரமானது. கண்மணி ஒல்லியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தாரணி வாங்கிவந்த தேநீரை உடனே குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

“நீங்கதானேக்கா கடைசில பக்கத்துல இருந்தீங்க?”

“ஆமாம்மா.”

“ஏதாவது சொன்னாரா?”

இந்தக் கேள்வி வரும் என்று தாரணிக்குத் தெரியும். பேருந்தில் வரும்போதே ஒரு பதிலை யோசித்திருந்தாள். பிள்ளைகளின் பெயரைச் சொன்னார் என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.

“இல்ல கண்மணி. எதுவும் சொல்லல. கண்ணு தெறந்திருந்துச்சு. நான் பேசிக்கிட்டே இருந்தேன். கேட்டுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல.”

கண்மணி தலையசைத்தாள். “உங்க தமிழ்க் கொரலாவது காதுல விழுந்திருக்கும்” என்றாள். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, “அவரு கட்டுன மலையைப் பாக்கணும்க்கா” என்றாள். “டிக்கெட் வாங்கிட்டு, கூட்டத்தோட கூட்டமா, கத்திக்கிட்டுப் போற படகுல ஒக்காந்து பாக்கப் பிடிக்கல. சும்மா நின்னு பாக்கணும். தொட்டுப் பாக்கணும்.”

அந்தப் பூங்காவில் சவாரிகளை நடத்தும் மேலாளர் நூருல் அமீன். கட்டுமானக் காலத்திலிருந்தே தாரணிக்குப் பழக்கம். அவள் தொலைபேசியில் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“ஆபீஸ்ல கேட்டா நோன்னுதான் சொல்வாங்க, தாரணி. மீடியா, லாயர்னு பயப்படுவாங்க.”

“அவங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். பாக்கணும், அவ்வளவுதான்.”

“சரி. ஞாயித்துக்கிழமை காலைல தெறக்கிறதுக்கு முன்னாடி, தண்ணிய எறக்கிட்டு நான் டிராக்க நடந்து செக் பண்ணுவேன். அப்ப என்கூட ரெண்டு பேர் நடந்து வர்றீங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் லா.”

அப்படித்தான் அந்த ஞாயிறு மூவரும் மலைக்குள் நுழைந்தார்கள். மூவருக்கும் தலைக்கவசம், காலில் ரப்பர் பூட்ஸ். வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. அலங்கார விளக்குகள் எரியவில்லை. பராமரிப்புக் குழல்விளக்குகளின் வெள்ளை வெளிச்சத்தில் குகை ஏதோ கிடங்குபோல இருந்தது. கண்மணி சுவர்களைப் பார்த்தபடி மெல்ல நடந்தாள். வளைவு திரும்பியதும் மேலே திறந்த வானம். எதிரே செங்குத்தாகப் பாறைச் சுவர், வெடிப்பும் அடுக்கும் பாசியின் நிறமுமாக எழுந்து நின்றது.

“இதுதான்” என்றாள் தாரணி. “இந்தப் பக்கம் முழுக்க அவரோட ஆளுங்க செஞ்சது. அந்த மூணாவது மடிப்புல நின்னுதான் வேலை பாத்தார்.” பிறகு, மறைப்பதில் அர்த்தமில்லை என்று, தன் காலடியைக் காட்டினாள். “இங்கதான்.”

கண்மணி அந்த இடத்தில் குனிந்து தண்ணீருக்குள் கையை வைத்தாள். அழவில்லை. எழுந்து போய்ப் பாறையைத் தொட்டாள், உள்ளங்கையால் தடவினாள். பிறகு ஏனோ விரல் முட்டியால் தட்டினாள். உள்ளே காலியான தகரப் பெட்டியைத் தட்டியதுபோல் ஒலித்தது. மறுபடி, பலமாகத் தட்டினாள்.

“உள்ள ஒண்ணும் இல்லையாக்கா?”

“கம்பிதான். மேல இவ்வளவுதான் கனம்.” தாரணி விரல்களை விரித்துக் காட்டினாள்.

“நான் நெசமா மலைன்னு நெனச்சிருந்தேன்.” கண்மணியின் குரல் உயர்ந்தது. “பெரிய பெரிய கல்லக் கொண்டாந்து அடுக்குறாங்கன்னு நெனச்சிருந்தேன். புள்ளைங்ககிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். இது வெறும் ஓடு! இந்தப் பொய்யான மலைக்காக்கா அவரு செத்தாரு? காஞ்சு போயிடும், சீக்கிரம் ஏறுன்னு சொல்லி ஏத்துனது இதுக்குத்தானா? ஒடைச்சுப்போட்டு மறுநாள் அடிச்சா ஆகாதா?”

அந்தக் கேள்வி பாறையில் மோதிக் குகைக்குள் போய்த் திரும்பி வந்தது. நூருல் அமீன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். உடைத்திருக்கலாம். மறுநாள் அடித்திருக்கலாம். திறப்பு சில நாள் தள்ளிப்போயிருக்கும். அதைத்தான் தாரணியும் விசாரணையில் சொன்னாள்.

“ஆயிருக்கும் கண்மணி” என்றாள். “ஒடைச்சிருக்கலாம்.”

அப்போதுதான் கண்மணி அழுதாள். பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தாமல், ஊரில் அழுவதுபோலவே சத்தமாக அழுதாள். தாரணி அவளைத் தடுக்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டாள்.

தண்ணீரை நிரப்ப வேண்டிய நேரம் வந்தது. வெளியே வந்ததும் நூருல் அமீன், “டாக்சி கூப்பிடவா?” என்று கேட்டார். கண்மணி வேண்டாம் என்றாள். படகுகள் வந்து முடியும் துறைக்கு எதிரே ஒரு நிழல்குடை இருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டாள். வாயில் திறந்து கூட்டம் வந்தது. முதல் படகு அருவியோடு இறங்கித் தண்ணீரை வாரியடித்து நின்றது. நனைந்த பிள்ளைகள் இறங்கி, மறுபடி போகலாம் என்று அப்பா அம்மா கையைப் பிடித்து இழுத்தார்கள். அடுத்த படகிலும் அதே கூத்து. கண்மணி எதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வெறுப்பும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

பிறகு வீடியோ அழைப்பில் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். கைப்பேசியைத் தூக்கி மலை முழுவதையும் காட்டினாள்.

“பாத்தியா? அப்பா கட்டுனது. ஆமா, இம்புட்டுப் பெருசு. உள்ள கம்பிடா தம்பி, மேல சிமெண்டு. கல்லு இல்ல. அம்மா தட்டிப் பாத்தேன்.” பார்க்கிறவர்களுக்கு அது தெரியாதா என்று மகன் கேட்டான். “ஆமா, தெரியாது. பாக்குறவங்களுக்கு நெச மலையாத்தான் தெரியும்.”

கண்மணி அந்தப் பூங்காவுக்கு அப்புறம் போகவில்லை. புக்கிட் பாத்தோக் பாட்டிக்கு அவளைப் பிடித்துப்போய், ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு தாரணியின் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாள். தாரணியின் கணவன் அசோக் அன்று மீன் வாங்கிவந்து தானே சமைப்பான். பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் பேச்சு. மலையைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அடுத்த ஆண்டு தாரணியை இன்னொரு திட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மரக்கூட்டங்களுக்கு நடுவே அந்தரத்தில் தொங்கும் நடைபாதைகளும் கயிற்றுச் சறுக்கும். “விட்டுடு, பள்ளிக்கூடம் ஆபீஸ்னு ஏதாவது கட்டுற எடத்துக்குப் போ” என்றான் அசோக். அவளும் சில நாள் அப்படித்தான் நினைத்தாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். மழைக்குப் பின் அவள் வார்த்தை இல்லாமல் யாரும் மேலே ஏறக்கூடாது. எந்தக் கண்காணியும் எந்த மேலாளரும் அதைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தத்திலேயே அதை எழுதச் சொன்னாள். எழுதினார்கள்.

முதல் நாள் காலைக் கூட்டத்தில் வழக்கமான அறிவுரைகளை அவள் சொல்லவில்லை. இளமாறன் என்று ஒருவன் இருந்தான் என்று ஆரம்பித்தாள். அவன் ஊர், அவன் வேலை, அந்த மதியம், அந்தக் கலவை, அந்தக் கொக்கி என்று எல்லாவற்றையும் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்திலும் சொன்னாள். அவன் மனைவி பாறையைத் தட்டிவிட்டுக் கேட்ட கேள்வியையும் சொன்னாள்.

சில வாரங்களில் பெருமழை ஒன்று வந்தது. ஓய்ந்த பிறகும் நடைபாதைகளைத் தாங்கும் கோபுரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள், இன்றைக்கே வடங்களைக் கட்டி முடித்தாக வேண்டும் என்று மேலாளர் குடையோடு வந்து நின்றார்.

“How long more, Dharani?”

“தெரியல சார். காயணும்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அவள் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். ஆட்கள் தலைக்கவசங்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சூடாகக் காப்பி குடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒக்காருங்க” என்றாள். மேலாளர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அன்று யாரும் மேலே ஏறவில்லை.